தரங்கம்பாடியின் காட்சிகள்: பட்டியலில் இடம்பெறாத கடல்

மயிலாடுதுறை மாவட்டத்தின் கடற்கரை ஊரான தரங்கம்பாடியைக் காண வருவோருக்குச் சுட்டப்படும் இடங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைகின்றன: தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்வழி டேனியர் எழுப்பிய டேன்ஸ்பர்க் கோட்டை, 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம், 1792இல் இன்றைய வடிவம் பெற்ற நகர வாயில். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை இவ்வூர் டேனியர் வசம் இருந்தமையால் அவர்தம் கட்டடங்கள் முன்னிற்பது இயல்பே. ஆயின், அறிவியல் உலகில் இவ்வூரின் பெயரை நிலைநிறுத்தியது அதன் இயற்கை. அவ்வரலாறு காட்சிப் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

லின்னேயசின் மாணவரான யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் மருத்துவராக இங்கு வந்து, இப்பகுதித் தாவரங்களை ஆராய்ந்தார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரின் பிற்பகுதியான 'கோனிகீ' அவரைக் குறிப்பதே. 1771இல் வந்த மறைப்பணியாளர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், கடல் மீன்களையும் குளத்து மீன்களையும் சேகரித்துப் பெர்லின் நகர மருத்துவர் பிளாக்கிற்கு அனுப்பினார். பிளாக் மீனியல் வரலாற்றின் முன்னோடிகளுள் ஒருவர். கத்தாளை மீன்களின் பேரினம் ஒன்றிற்கு அவர் 'ஜானியஸ்' எனப் பெயரிட்டது இத்தொடர்பினால்தான்.

இங்குக் கவனத்திற்குரியது அப்பேரினத்தைச் சேர்ந்த ஒரு மீனின் முழுப்பெயர்: 'ஜானியஸ் கருட்டா'. இதன் பிற்பகுதி இலத்தீனும் அன்று, கிரேக்கமும் அன்று. கரையில் வழங்கிய 'கருத்த கத்தாளை' என்னும் தமிழ்ப் பெயரின் முதற்சொல். மீனை அனுப்பியவரின் பெயர் பேரினத்திற்குச் சென்றது. அதைப் பிடித்து, இனம் பிரித்து, பெயர் சொன்ன மீனவருக்கு அப்பெயரில் இடமில்லை. எஞ்சியது அவர்களுடைய சொல் மட்டுமே. ஒரே கடலில் பிடிபடும் கத்தாளைகளுள் கருத்தது எது எனப் பிரித்தறிவது ஒரு வகைப்பாட்டு அறிவு. அது பெர்லினில் தோன்றியதன்று.

பனையேறிக் கெண்டையின் கதையும் இத்தகையதே. இம்மீனைப் பனைமரத்தில், நீர்மட்டத்திற்கு ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் பிடித்ததாக டேனிய படை அதிகாரி டால்டார்ஃப் எழுதினார். 1791இல் தரங்கம்பாடியில் நிகழ்ந்ததாக அவர் கூறிய இச்செய்தியை லண்டன் லின்னேயன் கழகம் 1797இல் வெளியிட்டது. மரமேறும் செய்தியைப் பின்வந்த அறிஞர் பலர் ஐயுற்றனர். எனினும் இம்மீன் காற்றைச் சுவாசிப்பதும், செவுள்மூடியின் முட்களை ஊன்றித் தரையில் நகர்வதும் உறுதியாயின. ஐரோப்பியருக்கு வியப்பாக இருந்தது தமிழில் ஒரு பெயராகவே வழங்கி வருகிறது.

இப்பெயர்மரபில் பிழைகளும் உண்டு. செம்பழுப்புப் புறா ஒன்றின் அறிவியல் பெயரில் தரங்கம்பாடி இடம்பெறுவது பொருத்தமே. ஆனால், வட அமெரிக்காவில் வாழும் ஒரு வண்டினமும் 'திராங்குபாரிகா' என்றே அழைக்கப்படுகிறது. தொலைவிலிருந்து பெயரிடுவோர் வாழிடத்தை எவ்வளவு எளிதில் தவறவிடுவர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கோட்டையினும் மூன்று நூற்றாண்டு மூத்த மாசிலாமணிநாதர் கோயில் இக்கரையில்தான் நிற்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது இங்குள்ள மீனவர் குடியிருப்பு பெருந்துயருற்றது. கோட்டையும் ஆளுநர் மாளிகையும் சீரமைக்கப்பட்டுள்ளன. அது வேண்டிய பணியே. ஆனால் கல்லைப் போலச் சொல்லைச் சீரமைக்க இயலாது. வழங்குவோர் கரையை விட்டகன்றால் மீன்பெயர்களும், காற்று, நீரோட்டம் பற்றிய சொற்களும் உடன் மறையும்.

ஆதலின் தரங்கம்பாடி குறித்த ஆய்வு கோட்டைச் சுவரோடு நின்றுவிடலாகாது. பிளாக்கின் மீன் தொகுப்பு இன்று பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் பெயர்களை, இன்றும் இக்கரையில் வலையிழுப்போரின் வழக்கோடு ஒப்புநோக்குவது இயற்கை வரலாற்றுக்கும் தமிழ்ச் சொல்வரலாற்றுக்கும் ஒருசேரப் பயன்தரும். அப்பணிக்குரிய களம் மீன் இறங்குதளமே.