வீட்டுத்தோட்டத் தாவரத் தேர்வு

வீட்டுத்தோட்டத் தாவரத் தேர்வு என்பது, வீட்டைச் சுற்றியுள்ள நிலத்திலோ மொட்டை மாடியிலோ வளர்ப்பதற்குரிய செடி, கொடி, மரங்களை அவற்றின் வாழ்காலம், இடத்தேவை, நீர்த்தேவை, வெயில் தேவை ஆகியவற்றைக் கருதித் தெரிவு செய்வதாகும். தாவரங்கள் வாழ்காலத்தின் அடிப்படையில் ஓராண்டுத் தாவரம், ஈராண்டுத் தாவரம், பல்லாண்டுத் தாவரம் என மூன்றாகப் பகுக்கப்படுகின்றன. இவற்றுள் ஓராண்டுத் தாவரங்களும் பல்லாண்டுத் தாவரங்களும் எந்த அளவில் கலந்து அமைய வேண்டும் என்பதே தோட்டம் அமைப்போர் முதலில் முடிவு செய்ய வேண்டிய ஒன்றாகும். ஓராண்டுத் தாவரத்தைத் தவறாகத் தேர்ந்தால் ஒரு பருவம் மட்டும் வீணாகும். பல்லாண்டுத் தாவரத்தைத் தவறாகத் தேர்ந்தால் அது பல ஆண்டுகளுக்கு நிலத்தையும் நீரையும் வெயிலையும் பிடித்துக்கொள்ளும். இக்கட்டுரையில் பெரும்பாலும் தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதிகளுக்குப் பொருந்தும் தாவரங்களே எடுத்துக்காட்டுகளாகத் தரப்பட்டுள்ளன.

வாழ்கால வகைகள்

ஓராண்டுத் தாவரம்: விதையிலிருந்து முளைத்து, வளர்ந்து, பூத்து, விதை தந்து, ஓர் ஆண்டுக்குள் மடிந்துவிடும் தாவரம். இதனைப் பருவச் செடி என்றும் கூறுவர். முளைக்கீரை, வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, செண்டுப்பூ ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை.

ஈராண்டுத் தாவரம்: முதல் ஆண்டில் இலையும் கிழங்கும் வளர்த்து, குளிர்காலத்தைக் கடந்த பின் இரண்டாம் ஆண்டில் பூக்கும் தாவரம். கேரட், பீட்ரூட், முட்டைக்கோசு ஆகியன ஈராண்டுத் தாவரங்களாகும். எனினும் உணவுக்காக வளர்ப்போர் முதல் ஆண்டிலேயே இவற்றை அறுவடை செய்துவிடுவதால், தோட்டத்தைப் பொறுத்தவரை இவையும் பருவச் செடிகளாகவே கருதப்படுகின்றன.

பல்லாண்டுத் தாவரம்: இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழும் தாவரம். மா, தென்னை போன்ற மரங்களும், மல்லிகை போன்ற புதர்களும், வல்லாரை, பொன்னாங்கண்ணி போன்ற தரையில் படரும் பூண்டுகளும் இதில் அடங்கும்.

சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கரோலசு லின்னேயசு 1753 ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலில் இவ்வகைகளைக் குறிக்க வானியல் குறியீடுகளைப் பயன்படுத்தினார். ஓராண்டுத் தாவரத்துக்குச் சூரியனின் குறியும், ஈராண்டுத் தாவரத்துக்குச் செவ்வாயின் குறியும், பல்லாண்டுப் பூண்டுகளுக்கு வியாழனின் குறியும், மரத்தன்மை உடையவற்றுக்குச் சனியின் குறியும் வழங்கின. சூரியனைச் சுற்றிவரச் செவ்வாய் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளும், வியாழன் 12 ஆண்டுகளும், சனி 29 ஆண்டுகளும் எடுத்துக்கொள்கின்றன.

பல்லாண்டுத் தாவரங்கள் அனைத்தும் ஆண்டுதோறும் பூப்பவை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகள் வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதை தந்து மடிகின்றது. இது 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் பூத்தது. வாழையின் தண்டும் ஒருமுறை குலை தள்ளியபின் மடிந்துவிடும். ஆனால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து பக்கக்கன்றுகள் வளர்வதால் வாழை பல்லாண்டுப் பூண்டாகக் கொள்ளப்படுகின்றது.

இயல்பான வாழ்காலமும் தோட்டத்தில் வாழ்காலமும்

ஒரு தாவரத்தின் இயல்பான வாழ்காலமும், தோட்டத்தில் அது வைத்திருக்கப்படும் காலமும் பல நேரங்களில் வேறுபடுகின்றன. கத்தரி, மிளகாய், தக்காளி ஆகிய மூன்றும் வெப்பமண்டலத்தில் இயல்பாகப் பல்லாண்டு வாழக்கூடியவை. விளைச்சல் குறைந்து நோய் மிகுவதால் இவை ஒரு பருவத்தோடு நீக்கப்படுகின்றன. காய்ப்பு ஓய்ந்த கத்தரிச் செடி நோயின்றி இருந்தால், அதனைக் கவாத்து செய்து உரமிட்டு மறுதாம்பாக மீண்டும் காய்க்க வைக்கலாம்.

தோற்றத்தில் ஒத்தவை வாழ்காலத்தில் வேறுபடுவதும் உண்டு. செண்டுப்பூவும் செவ்வந்தியும் பூச்சந்தைகளில் அருகருகே விற்கப்படுகின்றன. மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட செண்டுப்பூ விதையிலிருந்து வளர்ந்து ஒரு பருவத்தில் முடிந்துவிடும். செவ்வந்தியோ பல்லாண்டுச் செடி ஆகும். அடியில் தோன்றும் பக்கக்கன்றுகளைப் பிரித்து நட்டு அதனைத் தொடரலாம்.

ஒரே இனத்தில் இரு வழிகளும் கிடைப்பதற்கு முருங்கை சிறந்த எடுத்துக்காட்டாகும். மரமுருங்கை போத்து நட்டு வளர்க்கப்படுவது. பல ஆண்டுகள் நிலைத்து நின்று, விரிந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். செடிமுருங்கை விதையிலிருந்து வளர்க்கப்படுவது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கப்பட்டு 1989 இல் வெளியிடப்பட்ட பி.கே.எம்.1 என்னும் செடிமுருங்கை, விதைத்த ஏறத்தாழ ஆறு மாதங்களில் காய்க்கத் தொடங்குகின்றது. காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து சுமார் 90 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட்டால் மீண்டும் துளிர்த்துக் காய்க்கும். இவ்வாறு மூன்று ஆண்டுகள் வரை வைத்திருந்து, பின்னர் நீக்கிவிடலாம். சிறிய மனைகளுக்கும் வாடகை வீடுகளுக்கும் செடிமுருங்கையே பொருத்தமானது.

தேர்வுக்கான அடிப்படைகள்

இடம்

நாற்றாக நடும்போது எல்லாத் தாவரங்களும் சிறியனவாகவே தோன்றும். எனவே முழு வளர்ச்சியில் தேவைப்படும் இடைவெளியை முன்னரே கணக்கிட வேண்டும். தென்னைக்கு 25 அடியும், வாழைக்கும் பப்பாளிக்கும் ஏறத்தாழ 6 அடியும், வெண்டைக்கு ஒன்று முதல் ஒன்றரை அடியும் இடைவெளி விடப்படுகின்றன. கூரை, மின்கம்பி, கழிவுநீர்க் குழாய், கிணற்றுச் சுவர் ஆகியவற்றின் அருகில் மரங்களை நடுதல் கூடாது.

வெயில்

காய் தரும் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். கீரைகள் நான்கு மணி நேர வெயிலிலும் வளரும். தமிழ்நாட்டில் ஆண்டின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் நிழல் வடக்கு நோக்கி விழுகின்றது. சென்னையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகத்து நடுப்பகுதி வரை மட்டும் நண்பகல் சூரியன் சற்று வடக்கே இருக்கும். ஆகவே உயரமான பல்லாண்டுத் தாவரங்களை மனையின் வடக்கு, மேற்கு ஓரங்களில் நட்டால், பருவச் செடிகளின் பாத்திகளுக்கு வெயில் தடைபடாது. மேற்கு ஓர மரங்கள் கோடைக்காலப் பிற்பகல் வெப்பத்தையும் தணிக்கும்.

நீர்

பருவச் செடிகளின் வேர் பெரும்பாலும் மேல் மண்ணிலேயே பரவுவதால், கோடையில் அவற்றுக்கு நாள்தோறும் நீர் தேவைப்படும். மரங்களுக்கு முதல் இரண்டு கோடைகளில் தவறாமல் நீர் விட வேண்டும். வேர் ஆழமாக இறங்கியபின் அவற்றுள் பல குறைந்த நீரில் தாக்குப்பிடிக்கும். கோடையில் நீர்த்தட்டுப்பாடு ஏற்படும் ஊர்களில், ஏப்ரல், மே மாதங்களில் பாத்திகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, இருக்கும் நீரைப் பல்லாண்டுத் தாவரங்களுக்கு விடுவது நல்லது. பாத்தி அடுத்த பட்டத்தில் மீண்டும் நிரம்பிவிடும். பட்டுப்போன மரத்தின் இடத்தில் புதியது வளர ஆண்டுகள் பல ஆகும். காய்ந்த இலை, வைக்கோல் கொண்டு மூடாக்கு இடுவதால் மண்ணின் ஈரம் காக்கப்படும்.

பருவம்

பருவச் செடிகளின் தேர்வு பட்டத்தைப் பொறுத்தது. ஆடிப்பட்டத்தில் கத்தரி, வெண்டை, அவரை, பூசணி ஆகியனவும், தைப்பட்டத்தில் வெண்டை, வெள்ளரி, கீரை வகைகள் ஆகியனவும் விதைக்கப்படுகின்றன. கடலோர மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இளநாற்றுகள் அழுகக்கூடும். மாறாக, பல்லாண்டுக் கன்றுகளை அம்மழைக்குச் சற்று முன்னர் நடுவது அவை வேரூன்ற உதவும்.

பந்தலில் ஏற்றப்படும் பழைய அவரை வகைகள் பகற்பொழுது குறையும் காலத்திலேயே பூக்கும். அவற்றைச் சித்திரையில் விதைத்தால் கொடி மட்டும் பல மாதங்கள் வளரும். இடம் குறைந்தோர் பருவம் பாராது காய்க்கும் குத்து அவரையைத் தேர்ந்தெடுக்கலாம்.

பெட்டூனியா, பான்சி முதலிய குளிர்நாட்டுப் பருவப் பூக்கள் மலைப்பகுதிகளுக்கு உரியவை. 1848 இல் தொடங்கப்பட்ட உதகமண்டலம் தாவரவியல் பூங்காவில், மே மாத மலர்க்காட்சிக்காக இத்தகைய செடிகள் சில மாதங்களுக்கு முன்னரே நடப்படுகின்றன. சமவெளியில் இவை கார்த்திகை முதல் மாசி வரையிலான குளிர்ந்த காலத்தில் மட்டுமே நன்கு பூக்கும்.

காத்திருப்புக் காலம்

நட்டபின் முதற்பயன் கிடைக்க ஆகும் காலம் ஏறத்தாழ வருமாறு:

- முளைக்கீரை, சிறுகீரை: 25 நாட்கள்
- அரைக்கீரை: 30 நாட்கள், பின்னர்ப் பலமுறை அறுக்கலாம்
- வெண்டை: 45 நாட்கள்
- செடிமுருங்கை: 6 மாதங்கள்
- பப்பாளி: 9 முதல் 10 மாதங்கள்
- வாழை: ஓர் ஆண்டு
- ஒட்டு மா: 3 முதல் 5 ஆண்டுகள்

பல்லாண்டுத் தாவரம் காய்ப்புக்கு வரும்வரை, அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் கீரையும் கொத்தவரையும் வளர்க்கலாம். மரத்தின் நிழல் பரவியபின் அவ்விடத்தில் பொன்னாங்கண்ணி, வல்லாரை போன்றவற்றைப் படரவிடலாம்.

பராமரிப்பு வேறுபாடுகள்

ஓராண்டுத் தாவரங்களுக்கு ஒவ்வொரு பருவமும் விதை வேண்டும். நாட்டு ரகங்களில் நல்ல செடி ஒன்றின் காய்களை முற்றவிட்டு விதை எடுத்துக்கொள்ளலாம். வீரிய ஒட்டு ரகங்களின் விதை தாய்ச்செடியின் பண்புகளை அப்படியே தராது. மேலும், கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், ஒன்றன்பின் ஒன்றாக அதே பாத்தியில் நட்டால் வாடல் நோயும் நூற்புழுவும் பெருகும். இடையில் ஒரு பருவம் செண்டுப்பூவை நெருக்கமாக வளர்த்தால், அதன் வேரிலுள்ள வேதிப்பொருள் வேர்முடிச்சு நூற்புழுக்களைக் கட்டுப்படுத்தும்.

பல்லாண்டுத் தாவரங்களை இவ்வாறு இடம் மாற்ற இயலாது. எனவே குழி எடுக்கும்போதே மக்கிய உரம் இட்டு மண்ணைப் பண்படுத்த வேண்டும். இவற்றுக்கு ஆண்டுதோறும் கவாத்தும் தேவை. குண்டுமல்லியை நவம்பர் இறுதியில் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட்டால், கோடையில் புதுக்கிளைகளில் மொட்டுகள் மிகுதியாகத் தோன்றும். கறிவேப்பிலையின் நுனியைத் தொடர்ந்து ஒடித்து எடுப்பதால் அது மரமாக உயராமல் புதராகக் கிளைக்கும்.

எடுத்துக்காட்டு அமைப்பு

கிழக்கு மேற்காக 20 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள ஒரு நிலத்தைப் பின்வருமாறு பிரிக்கலாம்:

- வடக்கு ஓரம் 4 அடி அகலம்: பல்லாண்டுத் தாவரங்கள். மேற்கு முனையில் செடிமுருங்கை, கிழக்கு முனையில் கறிவேப்பிலை, நடுவில் குண்டுமல்லி.
- நடுவில் 2 அடி அகலம்: நடைபாதை.
- அதன் தெற்கே 3 அடி அகலம்: ஒவ்வொன்றும் 6 அடி நீளமுள்ள மூன்று பாத்திகள், இடையே 1 அடி இடைவெளி. ஒன்றில் கீரைகள், ஒன்றில் கத்தரி அல்லது மிளகாய், ஒன்றில் வெண்டை அல்லது கொத்தவரை.
- தெற்கு வேலி ஓரம் 1 அடி அகலம்: காலியாக விடுதல்.

பாத்திகளின் பயிர்களைப் பருவந்தோறும் ஒரு பாத்தி நகர்த்தி நட வேண்டும். கீரைப் பாத்தியை இரண்டாகப் பிரித்து, இரு வார இடைவெளியில் விதைத்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும்.

மாடித் தோட்டம்

மாடியில் எடையே முதன்மையான கட்டுப்பாடு ஆகும். 20 லிட்டர் கொள்ளளவுள்ள பையில் ஈரமண்ணை நிரப்பினால் அதன் எடை 30 கிலோவைத் தாண்டும். மண்ணுடன் தென்னைநார்க் கழிவைக் கலப்பதால் எடை குறையும். மாடிக்கு ஆழமற்ற வேருடைய பருவச் செடிகளே ஏற்றவை. கறிவேப்பிலை, எலுமிச்சை போன்ற சில பல்லாண்டுத் தாவரங்களைப் பெரிய தொட்டிகளில், சுவர் அல்லது உத்திரத்துக்கு நேர்மேலே வைத்து வளர்க்கலாம்.

தவிர்க்க வேண்டியவை

அழகுக்காக நடப்படும் அரளியின் எல்லாப் பாகங்களும் இதயத்தைப் பாதிக்கும் நச்சு உடையவை. மஞ்சள் அரளியும் இத்தகையதே. 2024 மே மாதத்தில் கேரளத்தின் திருவிதாங்கூர், மலபார் தேவசம் வாரியங்கள் தம் கோயில்களில் அரளிப் பூவை நிவேதனத்திலும் பிரசாதத்திலும் பயன்படுத்துவதைத் தடை செய்தன. குழந்தைகளும் கால்நடைகளும் உள்ள வீடுகளில் இதனைத் தவிர்க்க வேண்டும்.

தவசிக்கீரை ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் இலை தருவதால் பலரால் விரும்பப்படுகின்றது. இதனைச் சமைத்து அளவோடு உண்பது வழக்கம். ஆனால் 1994, 1995 ஆம் ஆண்டுகளில் தைவானில் உடல் எடையைக் குறைப்பதற்காக இதன் பச்சைச் சாற்றைத் தொடர்ந்து அருந்திய பலர் கடுமையான நுரையீரல் பாதிப்புக்கு உள்ளாயினர்.

உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து 19 ஆம் நூற்றாண்டில் அழகுச்செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பறவைகள் இதன் பழங்களை உண்டு விதையைப் பரப்புவதால், இன்று முதுமலை உள்ளிட்ட காடுகளில் களையாகப் பரவியுள்ளது. பல்லாண்டுத் தாவரம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அது வேலியைத் தாண்டிப் பரவுமா என்பதையும் கருத வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- ஆடிப்பட்டம்
- கவாத்து
- பயிர்ச் சுழற்சி
- மாடித் தோட்டம்
- முருங்கை