கூச்சம் யாருடையது? சேர்வராயன் மலையை முன்வைத்து ஒரு விசாரணை

ஒரு சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாமா என்று முடிவு செய்ய 1965இல் லோகூர் குழு ஐந்து அடையாளங்களை வகுத்தது. தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, நிலவியல் தனிமை, வெளிச் சமூகத்தோடு பழகுவதில் கூச்சம், பின்தங்கிய நிலை என்பன அவை. பின்தங்கிய நிலையைப் பள்ளிக்கூடக் கணக்கிலும் வருமானக் கணக்கிலும் பார்த்துக்கொள்ளலாம். தனிமையைச் சாலையின் நீளத்தில் அளக்கலாம். கூச்சத்தை எதைக் கொண்டு அளப்பது? கூசுகிறவரை மட்டும் பார்த்து எழுதப்பட்ட அளவுகோல் இது. எதிரில் நாற்காலியில் அமர்ந்து கேள்வி கேட்பவர் யார் என்பதற்கு அதில் இடமில்லை. கூச்சமும் மரியாதையும் நேரந்தவறாமையும் சோம்பலும் ஒரு மக்கள்கூட்டத்தின் உடன்பிறந்த குணங்கள் அல்ல, அவர்கள் யாரை, எந்த இடத்தில், யாருடைய நிபந்தனையில் சந்திக்கிறார்கள் என்பதன் விளைவுகள் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஏற்காட்டு மலையாளிகளைப் பற்றிச் சேலத்தில் சொல்லப்படுவதையும், ஜப்பானியரைப் பற்றி அமெரிக்காவில் எழுதப்பட்டதையும் அருகருகே வைத்தால் இது தெளிவாகும்.

ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளிகள் கேரளத்தவர் அல்லர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் அமைந்த பெயர் அது. பேசுவது தமிழ். தங்களைக் காராளர் என்றும் வேளாள மரபினர் என்றும் சொல்லிக்கொள்வது வழக்கம். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் கதையை அவர்கள் சொல்ல, எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில் பதிவு செய்தார். பெரியண்ணன் சேர்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பது கதை. வரலாறாக இதை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வேறுபாடு ஆதிகாலம் தொட்டு வருவது என்று கீழே இருப்பவர்கள் நினைக்க, மேலே இருப்பவர்களோ தாங்களும் கீழிருந்து வந்தவர்கள்தாம், வந்த பிறகு மாறினோம் என்கிறார்கள். பச்சைமலைப் பெண்கள் பச்சை குத்திக்கொள்வார்கள், சேர்வராயன் மலைப் பெண்கள் குத்திக்கொள்வதில்லை என்ற வேறுபாட்டையும் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். பச்சைமலைக்கு எதிரே நிறுத்தினால் பெரியண்ணன் வம்சத்தின் அடையாளம் வெறும் தோல். சேலம் நகரத்துக்கு எதிரே நிறுத்தினால் அதே மக்களின் அடையாளம் கூச்சம். எந்தக் கண்ணாடியில் பார்க்கிறோமோ அந்த முகம்.

ஜப்பானுக்கும் இதுவே நேர்ந்தது. அமெரிக்க மானிடவியலாளர் ரூத் பெனடிக்ட் தமது புகழ்பெற்ற நூலை 1946இல் வெளியிட்டபோது ஜப்பானுக்குப் போனதே இல்லை. போர்க்காலத்தில் அமெரிக்க அரசின் போர்த் தகவல் அலுவலகத்துக்காகச் செய்த ஆய்வு அது. அவர் பேசியது அமெரிக்காவில் இருந்த ஜப்பானியரோடு. அப்போது 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினர் அங்கே முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். ஜப்பானியருடையது வெட்கத்தின் பண்பாடு, மேலை நாட்டாருடையது குற்ற உணர்வின் பண்பாடு என்ற பிரிப்பு அந்தச் சூழ்நிலையில் பிறந்தது. இருபதாண்டுகள் கழித்து, 1967இல், நகானே சியே ஜப்பானியச் சமூகத்தைப் பற்றி எழுதினார். அவர் அதற்கு முன்பே இந்தியாவில் காரோ, காசி மக்களிடையே களப்பணி செய்தவர். அதனால் ஜப்பானுக்கு எதிர்நிலையாக அவர் அழுத்தமாக முன்வைத்தது இந்தியச் சாதியமைப்பை. இந்தியருக்குப் பிறப்பு முக்கியம், ஜப்பானியருக்கு எந்த நிறுவனத்தில் இருக்கிறோம் என்பதே முக்கியம் என்றார். அமெரிக்கா பக்கத்தில் நின்றால் ஜப்பானியர் வெட்கப்படுகிறவர். இந்தியா பக்கத்தில் நின்றால் கம்பெனிக்காரர். ஒப்பீட்டில் துணைக்கு நிறுத்தப்படுகிறவர் மாறும்போதெல்லாம் ‘தேசிய குணமும்’ மாறுமானால், அதைத் தேசத்தின் குணம் என்பதைவிட ஒப்பீட்டின் குணம் என்பதே பொருத்தம்.

அன்றாடப் பேச்சிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ஜப்பானியர் ‘இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், அமெரிக்கர் பளிச்சென்று சொல்லிவிடுவார்கள் என்பது வணிகக் கையேடுகளில் தவறாமல் வரும் பாடம். 1969 நவம்பரில் அதிபர் நிக்சனைச் சந்தித்த பிரதமர் சாத்தோ, ஜவுளி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் கோரிக்கைக்கு ‘ஆவன செய்கிறேன்’ என்ற பொருளில் பதில் சொன்னார் என்றும், ஜப்பானிய வழக்கில் அது மறுப்பு, நிக்சன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் என்றும் கதை. சாத்தோ எந்தச் சொல்லைச் சொன்னார் என்பதிலேயே ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. அது போகட்டும். அந்த நாளில் சாத்தோவின் மேசையில் இருந்தது ஒகினாவாவைத் திரும்பப் பெறும் பேச்சு. அது 1972இல் கைகூடியது. ஊரில் ஜவுளி முதலாளிகள், எதிரில் ஒகினாவாவைக் கையில் வைத்திருக்கும் வல்லரசு. இந்த இடத்தில் நிற்கும் எவரும், எந்த மொழிக்காரராயினும், ஆவன செய்கிறேன் என்றுதான் சொல்வார். நம்மூரில் இதற்கு அகராதியே வேண்டாம். பெண் கேட்டு வந்தவரிடமும் கடன் கேட்டு வந்தவரிடமும் சேலத்துக்காரர் ‘பார்க்கலாங்க’ என்றால் என்ன பொருள் என்று குழந்தைக்கும் தெரியும். அதே சொல்லை மலையிலிருந்து இறங்கி வந்தவர் அலுவலக மேசைக்கு முன்னால் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னால் மட்டும் அது வெள்ளந்தி, கூச்சம், பிடிகொடுக்காத புத்தி என்று ஆகிவிடுகிறது. சேலத்துக்காரர் சொன்னால் சாமர்த்தியம். சொல் ஒன்று, இடம் வேறு.

நேரம் தவறாமைக்கு வருவோம். ஜப்பானியரின் இரத்தத்திலேயே கடிகாரம் ஓடுகிறது என்பவர்கள் நாகசாகியின் பழைய பதிவுகளைப் படிக்க வேண்டும். அங்கே 1857 முதல் 1859 வரை கடற்படைப் பயிற்சி அளித்த ஒல்லாந்து அதிகாரி கட்டெண்டைக், ஜப்பானியரின் மந்தத்தைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். கப்பலைப் பழுதுபார்க்கும் பொருள்கள் கடலேற்றத்துக்குள் வந்து சேரவில்லை, ஒரு முறை வந்த வேலையாள் மறுபடி தலைகாட்டவில்லை என்பன அவருடைய குறைகள். 1872இல் ரயில் ஓடத் தொடங்கி, பள்ளிக்கூட மணியும் ஆலைச் சங்கும் ஊதி, 1920இல் ஜூன் 10ஆம் தேதியை ‘நேர நாள்’ என்று கொண்டாடும் அளவுக்குப் பிரசாரம் செய்த பிறகே அந்த மக்கள் உலகுக்கு நேரம் கற்பிப்பவர்கள் ஆனார்கள். அறுபது ஆண்டுகளில் இரத்தம் மாறாது. வேலை ஏற்பாடு மாறும். ஏற்காட்டுக்கு 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். தோட்டம் என்பது செடி மட்டுமன்று. மலைத்தோட்டத் தொழிலாளர் பேச்சில் ‘பெரட்டு’ எனப்படும் காலை ஆளெடுப்பும், கங்காணியும், பேரேட்டில் விழும் அரைநாளும் முழுநாளும் அதோடு வந்தவை. மலையாளிக்கோ தன் கொல்லை இருந்தது. சாமையும் கேழ்வரகும் விதைக்கத் தன் மழைக்காலம் இருந்தது. பெருஞ்சாமை போன்ற நீண்டகால வகை கார்த்திகை, மார்கழி வாக்கில் அறுவடைக்கு வரும். காப்பிப் பழம் சிவந்து பறிப்புக்கு ஆள் தேடும் காலமும் அதுதான். தன் களத்தில் நெற்றி வியர்க்க நிற்கிறவர் அன்று காலைப் பேரேட்டில் ‘வரவில்லை’. தோட்டத்துக் கணக்கில் அதற்குப் பெயர் சோம்பல். இரண்டு நாட்காட்டிகள் மோதிய இடத்தில் ஒன்றுக்கு மட்டும் எழுதும் கை இருந்தது என்பதைத் தவிர இதில் குணம் எங்கே வருகிறது?

இதே மக்கள் சேர்வராயன் உச்சியில் நிற்கும்போது பார்க்க வேண்டும். கோயில் என்றால் கோபுரமில்லை, ஒடுங்கிய குகை. நிமிர்ந்து நுழைய முடியாது. முதுகை வளைத்து, இருட்டுக்குக் கண் பழகும் வரை தடவி நடந்து, சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட வேண்டும். மே மாதத் திருவிழாவில் மலை ஊர்களெல்லாம் அங்கே திரண்டுவிடும். கூட்டத்தில் மலையாளி வீட்டுக்காரர். சேலத்திலிருந்து கோடைக்கு வந்தவர் விருந்தாளி. செருப்பை எங்கே விடுவது, எந்தப் பக்கம் ஒதுங்குவது, பூசாரியிடம் என்ன சொல்லிக் கேட்பது என்று தயங்குகிறவர் இப்போது கீழிருந்து வந்தவர். தலையில் பாறை இடித்து அசட்டுச் சிரிப்புச் சிரிப்பவரும் அவரே. லோகூர் குழுவின் நான்காவது அடையாளத்தை அந்தக் குகைவாசலில் வைத்துப் பரிசோதித்தால் யார் பழங்குடி என்ற கேள்விக்குச் சங்கடமான விடை கிடைக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். வேறுபாடுகளே இல்லை என்கிறீர்களா? மலையில் மணமகன் வீட்டார் பரியம் கொடுத்துப் பெண் எடுப்பதும், கைம்பெண் மறுமணத்துக்குத் தடையில்லாததும், வழக்குகளை ஊர்க்கவுண்டரும் பட்டக்காரரும் கூடித் தீர்த்ததும் நிறுவனங்களின் மாயத்தோற்றமா? இல்லை, அவை உண்மை. சமவெளியின் வரதட்சணையோடு ஒப்பிட்டால் அவற்றில் பெண்ணுக்குச் சற்றுக் கூடுதல் மதிப்பு இருந்தது என்றும் நான் கருதுகிறேன். ஆனால் பரியமும் பட்டக்காரரும் வழக்கங்கள். விதியும் பொறுப்பாளரும் உள்ளவை. பெயர் சொல்லிச் சுட்டக்கூடியவை. மாறும்போது எப்போது மாறின என்றும் சொல்லக்கூடியவை. கூச்சம், நேர்மை, வெள்ளந்தி என்பவை அப்படியல்ல. வழக்கத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு, அதன் நிழலில் குணத்தைக் கடத்திவிடுவதே இத்தகைய ஒப்பீடுகளின் வேலை. அளந்து பார்த்தவர்களும் உண்டு. தகானோ, ஒசாகா என்ற இரு உளவியலாளர்கள் ஜப்பானியரையும் அமெரிக்கரையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 1999இல் திரட்டிப் பார்த்தபோது, ஜப்பானியர் கூட்டுமனத்தினர், அமெரிக்கர் தனிமனத்தினர் என்ற பொதுநம்பிக்கைக்கு ஆதாரம் தேறவில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. ‘நாங்கள் கீழே இருப்பவர்களைப் போல அல்ல’ என்று மலையாளிகளே சொல்கிறார்களே. ஜப்பானியர் தங்கள் தனித்தன்மையைப் பற்றிய நூல்களைத் தாங்களே வாங்கிக் குவித்தார்களே. அவர்கள் சொல்லைத் தள்ள ஆய்வாளர் யார்? தள்ள வேண்டியதில்லை, எங்கே, யாரிடம் சொல்லப்படுகிறது என்று கேட்டால் போதும். வேளாள மரபு என்று சொல்வது சமவெளிச் சாதிகளுக்கு முன்னால் தலைநிமிர உதவுகிறது. தனித்த பழங்குடி என்று சொல்வது சான்றிதழுக்கு உதவுகிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் உரிமைக்கோரல்கள். ஒரே குடும்பம் இரண்டையும் சொல்ல வேண்டிய நிலையை உண்டாக்கியது சட்டம். 1976ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் மலையாளிகளையே பட்டியலில் வைத்தது. அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து, 1979இல் ஈரோட்டுப் பகுதியோடு பிரிந்த பர்கூர் மலையில் அதே மக்கள் வாழ்கிறார்கள். பெயர் அதே, பேச்சு அதே. மாவட்ட எல்லை குறுக்கே விழுந்ததால் அவர்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். அவர்கள் ஏற்காட்டாரைவிடக் குறைவாகக் கூசினார்கள் என்று எந்த அதிகாரியும் அளந்து சொன்னதில்லை.

பட்டியலே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடியினரில் மலையாளிகளே மிகப் பெரிய பிரிவு, ஏறத்தாழ 3.57 லட்சம் பேர். நிலமும் கல்வியும் வேலையும் கிடைக்க அந்தச் சான்றிதழ் அவர்களுக்குத் தேவை. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதும் சரியே. ஆனால் அந்த உரிமைக்கு அடிப்படையாகப் பட்டா எவ்வளவு கைமாறியது, பள்ளி எத்தனை கல் தொலைவு, கூலி யார் நிர்ணயித்தது என்பவற்றைக் கேட்கலாம்; கேட்டால் விடையும் கிடைக்கும். பட்டியல் விதிகளை அடுத்து யார் திருத்தினாலும், அந்த ஐந்தில் நான்காவதை முதலில் அடித்துவிடட்டும்.