எலி மூளையும் மனித மூளையும்: பக்கவாத நோயாளிகள் அறிய வேண்டியவை

பெருமூளை, சிறுமூளை, மூளைத்தண்டு ஆகியவை எல்லாப் பாலூட்டிகளுக்கும் உண்டு. எனவே புதிய மருந்துகள் பெரும்பாலும் முதலில் எலிகளிடம் சோதிக்கப்படுகின்றன.

ஆயினும் வேறுபாடுகள் பெரியவை. சுண்டெலியின் மூளை அரை கிராமுக்கும் குறைவான எடையுடையது. மேற்பரப்பு மடிப்பின்றி வழவழப்பாக இருக்கும். மனித மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் எடையும் ஆழ்ந்த மடிப்புகளும் கொண்டது. நரம்பிழைகளாலான வெண்பொருளின் பங்கும் மனிதரிடம் மிக அதிகம்; பக்கவாதம் அதனையும் தாக்கும்.

எலிகளிடம் பலனளித்த பல பக்கவாத மருந்துகள் மனிதரிடம் பயன்தராமைக்கு இவ்வேறுபாடுகளும் ஒரு காரணம்.

ஆகவே, ‘எலிகளிடம் வெற்றி’ என்னும் செய்தியை நம்பி, மருத்துவர் பரிந்துரைத்த மருந்துகளை நிறுத்த வேண்டாம். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் தோன்றினால் உடனே 108-ஐ அழைக்கவும்.