பாரந்தூக்கும் சாதனங்களும் தொழிலாளரின் உயிர்ப் பாதுகாப்பும்

2015 ஆம் ஆண்டு செப்டெம்பர் 11 ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை, புனித மக்கா நகரின் மஸ்ஜிதுல் ஹராமில் பாரந்தூக்கியொன்று சரிந்து விழுந்தது. விரிவாக்கப் பணிகளுக்கென அங்கு நிறுத்தப்பட்டிருந்த இராட்சத இயந்திரம் அது. ஹஜ் கடமையை நிறைவேற்றுவதற்காகக் கூடியிருந்த யாத்திரிகர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வேளை கடுங்காற்றும் மழையும் நிலவின. எனினும், இயந்திரம் பயன்பாட்டில் இல்லாதபோது அதன் நீண்ட கையைத் தாழ்த்தி வைக்க வேண்டுமென்ற உற்பத்தியாளரின் அறிவுறுத்தல் பின்பற்றப்படவில்லை என்பதைச் சவூதி அரசாங்கத்தின் விசாரணை சுட்டிக்காட்டியது. அந்தக் கணத்தில் அவ்வியந்திரம் எந்தப் பாரத்தையும் தூக்கிக்கொண்டிருக்கவில்லை என்பது இங்கு கவனத்திற்குரியது.

அத்தகைய இராட்சத இயந்திரங்களை நம்மில் பலர் அருகில் நின்று பார்த்ததில்லை. ஆனால் வாகனத் திருத்துமிடத்தில் இயந்திரத்தை உயர்த்தும் செயின் புளொக்கும், கட்டட வேலைத்தலத்தில் சீமெந்துக் கலவையை மேலேற்றும் கப்பியும், களஞ்சியசாலையின் போக்லிஃப்ட் வண்டியும், துறைமுகத்தின் கம்பிவடமும் அதே விதிகளுக்கே கட்டுப்பட்டவை. சாதனம் சிறிதென்பதால் ஆபத்தும் சிறிதென்று எண்ணுவதே பல விபத்துகளின் தொடக்கமாகும்.

இத்துறையில் சட்டம் இல்லையென்று கூறுவதற்கில்லை. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் மின்தூக்கிகள், சங்கிலிகள், வடங்கள், பாரந்தூக்கிகள் ஆகியவற்றின் பாதுகாப்புக்கென ஏற்பாடுகளை வகுத்தது. இந்தியாவின் 1948 ஆம் ஆண்டுச் சட்டம் மின்தூக்கிகளை 6 மாதங்களுக்கு ஒரு முறையும், பாரந்தூக்கிகளையும் சங்கிலிகளையும் 12 மாதங்களுக்கு ஒரு முறையும் தகுதிவாய்ந்த ஒருவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டுமெனக் கூறியது. பிரித்தானியாவின் 1998 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, ஆட்களை ஏற்றும் சாதனங்களுக்கும், சங்கிலி, கொளுக்கி போன்ற துணைச் சாதனங்களுக்கும் பொதுவாக 6 மாதங்களும் ஏனையவற்றுக்கு 12 மாதங்களும் எல்லையாகும்.

ஆயினும் சான்றிதழ் என்பது பரிசோதனை நடந்த அந்த நாளுக்குரிய சாட்சியம் மாத்திரமே. வடம் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை தேய்வதில்லை; அது நாள்தோறும் தேய்கின்றது. ஆகவே, ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் அதனைக் கையாள்பவரே பார்வையிடுவது இன்றியமையாதது. கம்பிவடத்தில் அறுந்த இழைகள், துரு, முறுக்கு, நசிவு, ஓரிடத்தில் மாத்திரம் மெலிவு ஆகியன உள்ளனவா? சங்கிலியின் வளையங்கள் நீண்டோ, வெடித்தோ, தேய்ந்தோ இருக்கின்றனவா? கொளுக்கியின் வாய் விரிந்துள்ளதா, அதன் பாதுகாப்பு நாக்கு சரிவர மூடுகின்றதா? துணிப்பட்டியில் வெட்டோ எரிந்த அடையாளமோ உண்டா? இவற்றுள் ஒன்றேனும் காணப்படின் அதனை உடனடியாக ஒதுக்கிவிட வேண்டும். அறுந்த சங்கிலியை ஆணி பூட்டி இணைப்பதும், முடிச்சிட்டுச் சுருக்குவதும், ஒட்டுவேலை செய்து மீண்டும் பாவிப்பதும் உயிருடன் விளையாடும் செயல்களாகும்.

அடுத்து, பாரத்தை அறிதல். ஒவ்வொரு சாதனத்திலும் அது பாதுகாப்பாகத் தாங்கக்கூடிய பாரம் பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். அந்த எண் அழிந்துபோன சாதனத்தைப் பாவிக்கலாகாது. எனினும் எண்ணை வாசித்தால் மாத்திரம் போதாது. 1 தொன் பாரத்தை இரு கிளைகள் கொண்ட வடத்தால் தூக்கும்போது, கிளைகள் செங்குத்தாக இருப்பின் ஒவ்வொன்றும் 500 கிலோவைத் தாங்கும். அவற்றுக்கிடையிலான கோணம் 90 பாகையாக விரிந்தால் ஒவ்வொரு கிளையிலும் ஏறத்தாழ 710 கிலோ விசை ஏற்படும். 120 பாகையில் ஒவ்வொரு கிளையும் 1 தொன் விசைக்கு உள்ளாகும். பாரம் மாறவில்லை, கட்டிய விதமே மாறியது.

பாரந்தூக்கி வாகனங்களின் நிலையும் இதுவே. கை எவ்வளவு தூரம் வெளியே நீள்கின்றதோ அவ்வளவுக்கு அதன் தூக்குந்திறன் குறையும். 20 தொன் என எழுதப்பட்ட வாகனம் எல்லாத் தூரத்திலும் 20 தொன்னைத் தூக்காது. மழையில் ஊறிய மண்ணில் பக்கக் கால்களைப் பலகையிடாமல் ஊன்றுவதும், மேலே செல்லும் மின்கம்பிகளைக் கவனியாது கையை உயர்த்துவதும், பலத்த காற்றில் வேலையைத் தொடர்வதும் பேராபத்தை விளைவிப்பன.

தொங்கும் பாரத்தின் கீழ் எவரும் நிற்கலாகாது. இயக்குநருக்குச் சைகை காட்டுபவர் ஒருவராக மாத்திரமே இருத்தல் வேண்டும். ஆனால் 'நிறுத்து' என்ற சைகையை எவர் காட்டினாலும் இயக்குநர் பணிய வேண்டும். ஜக்கினால் உயர்த்திய வாகனத்தின் கீழ், தாங்குகால்கள் வைக்காமல் புகுதல் கூடாது.

இவ்விதிகள் அறியப்படாதவை அல்ல. அவ்வாறாயின் அவை மீறப்படுவது ஏன்? சாதனங்கள் குறிக்கப்பட்ட பாரத்தைவிடப் பன்மடங்கு தாங்கும் வகையில் செய்யப்படுகின்றன. சங்கிலிகளுக்கு 4 மடங்கும், துணிப்பட்டிகளுக்கு 7 மடங்கும் வழமையான அளவுகளாகும். தேய்மானத்துக்கும் திடீர் அதிர்ச்சிக்குமென ஒதுக்கப்பட்ட இந்த மேலதிக வலிமையை, சிலர் மேலும் ஏற்றுவதற்கான அனுமதியாகக் கருதிவிடுகின்றனர். நேற்று ஒன்றும் நடக்கவில்லை என்பதால் இன்றும் நடக்காது என்ற துணிவு பிறக்கிறது. ஒரு நாள் வடம் அறுகிறது.

அவ்வாறு அறுகையில் கீழே நிற்பவர் பெரும்பாலும் நாட்கூலித் தொழிலாளியே. 1934 ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருப்பினும், நியமனக் கடிதமோ சம்பளப் பதிவோ இல்லாத ஒருவரின் குடும்பம் தனது உரிமையை நிரூபிப்பதற்கே அலைய நேரிடுகிறது. 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதம் சர்வதேச தொழிலாளர் மாநாடு பாதுகாப்பான வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அந்த உரிமை சிறிய வேலைத்தலங்களையும் சென்றடைதல் வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் இலக்கமும், பரிசோதனைத் திகதிகளைக் குறிக்க ஒரு பதிவேடும், கையாள்பவருக்குச் சில நாட் பயிற்சியும் போதும். அவற்றைவிட முக்கியமானது வேறொன்று உண்டு. "இந்த வடம் சரியில்லை, தூக்க முடியாது" என்று கூறும் தொழிலாளி, மறுநாள் வேலையை இழக்க மாட்டான் என்ற உத்தரவாதமே அது. அந்த உத்தரவாதத்தை வழங்க வேண்டியவர்கள் முதலாளிமாரும் கொந்தராத்துக்காரர்களுமே. அது நிறைவேற்றப்படுகின்றதா என்பதைக் கண்காணிப்பது அரசின் பொறுப்பாகும்.