படமும் உறுதியும்

பெல்மதுளைப் பகுதித் தோட்டங்களில், லயத்துச் சுவரில் லட்சுமியும் சரஸ்வதியும் முருகனும் படமாக வீற்றிருக்கக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. இன்று இணையத்தில் நடைபெறும் ஓவிய வாணிபம் அவ்வரலாற்றின் பிற்பகுதியே என்றால் இளைஞர் வியப்படையலாம்.

ஓவியம் அரண்மனைக்கும் செல்வர் மாளிகைக்குமே உரியதாயிருந்த காலத்தில், கிளிமானூர் ராஜா ரவிவர்மா (1848–1906) 1894-ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு வண்ண அச்சகத்தைத் தொடங்கினார். அச்சகம் நட்டமடைந்தது, சில ஆண்டுகளில் அதனை ஃபிரிட்ஸ் ஷ்லைக்கர் என்னும் ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார். ஆயினும் அப்படங்கள் ஏழையின் குடிசையிலும் தெய்வத்தைக் கொண்டுவந்து நிறுத்தின. பின்னர், கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவரும் தீட்டிய தெய்வ உருவங்களைச் சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டிகளாகப் பரப்பின. படிகள் பெருகப் பெருகப் படத்தின் பயனும் பெருகிற்று. மூலப்படம் எவரிடம் உள்ளது என்று வணங்கியவர் கேட்டதில்லை.

கணினியில் வரையப்படும் ஓவியத்திற்கோ மூலம், படி என்ற வேற்றுமையே இல்லை. ஆயிரம் படிகளும் ஒன்றுபோலவே இருக்கும். அங்ஙனமாயின் அதனை விற்பது எவ்வாறு? 2014-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள், நியூயோர்க் நகரில் கெவின் மெக்கோய் என்னும் ஓவியரும் அனில் டாஷ் என்பவரும் ஒரு வழி காட்டினர். பல கணினிகள் கூடிப் பேணும், எவரும் எளிதில் திருத்தவியலாத பேரேடு ஒன்றில், ‘இப்படம் இன்னாருடையது’ என்று பதிவதே அவ்வழி. இத்தகைய பதிவையே பின்னாளில் ‘என்.எஃப்.டி.’ என்றனர்.

2021-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் உலகமே இதனைத் திரும்பிப் பார்த்தது. 1766-இல் இலண்டனில் தோன்றிய கிறிஸ்டிஸ் ஏல நிறுவனம், ‘பீப்பிள்’ என்னும் புனைபெயர் கொண்ட அமெரிக்கர் மைக் விங்கெல்மன் 2007 மே முதல் நாள்தோறும் ஒன்றாக வரைந்த 5,000 படங்களின் தொகுப்பை ஏலமிட்டது. 100 டொலரில் தொடங்கிய கேள்வி 6 கோடியே 93 இலட்சம் டொலரில் முடிந்தது. வாங்கியவர் யார்? தமிழ்நாட்டிலிருந்து சென்று சிங்கப்பூரில் வாழ்ந்த விக்னேஷ் சுந்தரேசன். ‘மெட்டாகோவன்’ என்பது அவர் புனைபெயர். இந்தியரும் நிறத்தவரும் கலைப் புரவலராகலாம் என்று காட்டுவதே நோக்கமென அவரும் அவருடைய கூட்டாளி ஆனந்த் வெங்கடேஸ்வரனும் அறிவித்தனர்.

தமிழன் ஒருவன் அந்த ஏலத்தில் வென்றது பெருமையே. ஆயினும் அவர் பெற்றது யாது? படத்தை எவரும் இணையத்தில் இலவசமாகக் காணலாம்; பதிப்புரிமையும் ஓவியரைவிட்டு நீங்கவில்லை. அவர் கைக்கு வந்தது, காணி உறுதி போன்ற ஒரு பதிவே. தலைமுறை தலைமுறையாக உழைத்த மண்ணில் உறுதியில்லாமல் வாழ்ந்த மக்கள் நாம். உறுதியின் அருமையை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் காணியில்லாத உறுதியின் பெறுமதி, அடுத்து வாங்குவோரின் நம்பிக்கையையே பொறுத்தது. டுவிட்டரின் முதற் பதிவுக்கான இத்தகைய உரிமை 2021-இல் 29 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. 2022 ஏப்ரலில் அது மீண்டும் ஏலத்திற்கு வந்தபோது, கேள்வி 300 டொலரைக்கூட எட்டவில்லை!

இம்முறையில் நன்மையும் இல்லாமலில்லை. படம் கைமாறுந்தோறும் வரைந்தவனுக்கு ஒரு பங்கு சேருமாறு விதி அமைக்க இயலும். ஆனால் 2022-க்குப் பின் பல சந்தைகள் அப்பங்கை வாங்குவோரின் விருப்பத்திற்கு விட்டுவிட்டன.

இரத்தினபுரி மாவட்டத்தில் வாழும் நமக்கு மாணிக்க வாணிபம் புதிதன்று. அனுபவமுள்ள வியாபாரி சான்றிதழை மட்டும் நம்பிப் பணங்கொடுப்பதில்லை. கல்லை வெளிச்சத்தில் பிடித்து, தன் கண்ணாலும் பார்க்கிறான். நம் இளைஞரும் அவ்வாறே பார்த்து வாங்கப் பழகுதல் வேண்டும். அதனினும் மேலாக, கைத்தொலைபேசியிலேனும் வரையக் கற்றுக்கொள்ளட்டும். ரவிவர்மாவின் அச்சகம் கைமாறிப் போயிற்று. அவருடைய சரஸ்வதியோ இன்றும் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறாள்.