பளபளப்பின் அரசியல்

1

தமிழ் எம்.ஏ. வகுப்பில் நான் அதிகம் கேட்ட சொற்களில் ஒன்று 'மெருகு'. நடையில் மெருகு, இரண்டாம் பதிப்பில் ஏறிய மெருகு, இன்னும் கொஞ்சம் மெருகேற்றியிருக்கலாம் என்கிற பெரியவர்களின் அங்கலாய்ப்பு. விமர்சனம் எழுத வந்தபிறகு நானும் கூச்சமில்லாமல் இதை எழுதித் தள்ளியிருக்கிறேன். கவனித்துப் பார்த்தால் தமிழில் மெருகு எப்போதும் 'ஏறுகிறது'. இருப்பதன் மேல் புதிதாக ஒன்று வந்து உட்காருகிறது என்று அந்த வினைச்சொல் நம்மை நம்பவைக்கிறது.

அப்பா மதுரையில் ஒரு டிங்கரிங் பெயிண்டிங் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அம்பாசடர், ஃபியட், பிறகு மாருதி. அவர் அகராதியில் மெருகு இல்லை. 'ரப்பிங் போடணும்', 'தேய்க்கணும்', அவ்வளவுதான். நான் பள்ளிக்கூடம் விட்டு அங்கே போய் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் சொன்னார்: "பளபளப்பு எங்கருந்தும் வர்றதில்லடா. பெயிண்ட்டத் தின்னுட்டுத்தான் வருது."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எழுதும் உரை.

2

அப்பா சொன்னது உவமை அல்ல, தொழில்நுட்பம். அடித்துக் காய்ந்த பெயிண்டின் முகம் கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமுமாக இருக்கும். அதில் விழும் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுவதால் மங்கலாகத் தெரிகிறது. முதலில் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிறார்கள். அடுத்து ரப்பிங் காம்பவுண்ட். அது நுண்ணிய அரைப்புத்தூள் கலந்த பசை. பனியன் வேஸ்ட்டில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க, துணியில் காரின் நிறம் ஒட்டிக்கொண்டு வரும். பெரிய கீறலைச் சிறிய கீறலால் அழிப்பது, அதை இன்னும் சிறியதால் அழிப்பது. இதுதான் வித்தை. கீறல்கள் ஒளியலையின் அளவுக்கும் கீழே சிறுத்துப்போன இடத்தில் அந்தப் பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடியாகிறது. கடைசியில் மெழுகு. அது மிச்சமிருக்கும் பள்ளங்களை நிரப்பி, மழைத்தண்ணியைத் துளித்துளியாக உருட்டிவிடும். கொஞ்ச நாளில் வெயிலும் கழுவலும் மெழுகைக் கொண்டுபோய்விடும். மறுபடியும் தேய்க்க வேண்டியதுதான்.

ஆக, பளபளப்பு என்பது ஒரு பொருளின் 'குணம்' அல்ல. அது ஒரு செயலின் தடயம். என்ன விசித்திரம் என்றால், தன் தடயங்களைத் தானே அழித்துக்கொள்வதில்தான் இந்தச் செயலின் வெற்றி இருக்கிறது. தேய்த்த கை தெரிந்தால் வேலை சரியில்லை என்று பொருள். கை தெரியாவிட்டால் கூலி கொடுக்கும்போது 'என்ன பெரிய வேலை' என்று கேட்கலாம்.

3

அப்பா 'டூகோ அடிக்கிறது' என்று சொல்வார். மரவேலைக்காரர்களும் சொல்வார்கள். வெகுகாலம் அது ஏதோ பட்டறைச் சொல் என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒரு வெடிமருந்துக் கம்பெனி வைத்த பெயர்.

மோட்டார் கார் வந்த புதிதில் அதற்கு அடித்தது குதிரைவண்டியின் வார்னிஷ். பூச்சுமேல் பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றும் உலரக் காத்திருந்து, நுரைக்கல் தூளும் தண்ணீரும் கொண்டு கையால் தேய்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டின் ஓடும் வரிசையில் கார் சில மணிநேரத்தில் உருவாகும்போது பெயிண்ட் மட்டும் வாரக்கணக்கில் உலர்ந்தால் முதலாளிக்குக் கட்டுபடியாகுமா? ஃபோர்டு கண்ட வழி கறுப்பு. மலிவானது, உறுதியானது, உலையில் சுட்டு உலர்த்தலாம். 1914 முதல் 1925 வரை மாடல்-டி கறுப்பில் மட்டுமே வந்தது.

முதல் உலகப்போரில் டூபான்ட் கம்பெனி நேசநாடுகளுக்கு வெடிமருந்து விற்றுக் கொழுத்தது. அந்த மருந்தின் அடிப்படை, பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து எடுக்கும் நைட்ரோசெல்லுலோஸ். போர் முடிந்ததும் ஆலைகளுக்கும் அறிவுக்கும் புதுச் சந்தை தேவைப்பட்டது. அதே நைட்ரோசெல்லுலோஸிலிருந்து நிமிஷக்கணக்கில் உலரும் பூச்சு ஒன்றைச் செய்து 1923இல் 'டூகோ' என்று பெயரிட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார், 1924 மாடலாக, நீலநிற டூகோவில் வந்தது. பீரங்கிக்குள் இருந்த பஞ்சு காரின் மேலே வந்து உட்கார்ந்துகொண்டது.

அது ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போனது தற்செயல் அல்ல. போர் லாபத்திலிருந்து 2.5 கோடி டாலரை அந்தக் கம்பெனியின் பங்குகளில் போட டூபான்ட் 1917 டிசம்பரில் முடிவெடுத்திருந்தது. அமெரிக்க அரசு 1949இல் தொடுத்த ஏகபோக வழக்கில் உச்சநீதிமன்றம் 1957 ஜூன் 3 அன்று தீர்ப்புச் சொன்னது. டூபான்ட் கையிலிருந்த 23 சதவீதப் பங்கு போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்றது நீதிமன்றம். வழக்கின் மையத்தில் இருந்த சரக்குகள் இரண்டே இரண்டு: காருக்கு அடிக்கும் பெயிண்ட்டும், காருக்குள் போடும் துணியும். அமெரிக்க முதலாளித்துவத்தின் பெரிய வழக்குகளில் ஒன்று பளபளப்பைப் பற்றியது என்பதைப் பொருளாதாரம் பேசும் நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம்.

நிறம் வந்ததும் 'ஆசை' உற்பத்திப்பொருளாகிறது. 1927இல் மாடல்-டி நின்றுபோனது. அதே வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் ஹார்லி ஏர்ல் என்பவரை வைத்துக் 'கலை மற்றும் நிறப் பிரிவு' தொடங்கியது. போன வருஷத்துக் காரை அவமானமாக உணரவைக்கும் தொழில் இப்படித்தான் துறையாக வளர்ந்தது.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் வாரங்கள் மணிகளாகச் சுருங்கியதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அங்கேதான் கேள்வி பிறக்கிறது. டூகோ சட்டென்று உலர்ந்தது, ஆனால் தானாகப் பளபளக்கவில்லை. தேய்த்தால்தான் ஒளி வரும். மங்கினால் மறுபடி தேய்த்தால் மறுபடி வரும். இதையே அதன் சிறப்பாக விற்றார்கள். அப்படியானால் ஆலைக்குள் மிச்சம் பிடித்த நேரம் எங்கே போயிற்று? ஆலைக்கு வெளியே, காரின் ஆயுள் முழுவதற்கும் பரவியது. வீட்டுக்காரரின் ஞாயிற்றுக்கிழமையாக, டிரைவரின் விடியற்காலையாக, கராஜில் கூலிக்குத் தேய்ப்பவரின் தோள்வலியாக. முன்பு கணக்கில் இருந்த உழைப்பு இப்போது கணக்குக்கு வெளியே போனது. சிகாகோவில் 1910இல் பிறந்த 'சிமோனிஸ்' என்ற மெழுகுக் கம்பெனியின் பெயரிலிருந்து, கார் தேய்ப்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லே உண்டாகி அகராதியில் ஏறிவிட்டது. கம்பெனியின் பெயர் வினைச்சொல்லாயிற்று. தேய்த்தவர்கள் எழுவாயாகக்கூட எங்கேயும் பதிவாகவில்லை.

4

இனி அந்த மெழுகு. நல்ல கார் மெழுகு டப்பாவில் 'கார்னாபா' என்று போட்டிருக்கும். பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி மாநிலங்களின் வறண்ட பூமியில் வளரும் ஒரு பனைவகை அது. வெயிலில் தன் ஈரம் போய்விடாமல் இருக்க அந்த மரம் ஓலையின் மேல் மெழுகைச் சுரந்து போர்த்திக்கொள்கிறது. உருக எண்பது டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பானெட் கொதிக்கிற வெயிலிலும் அது நிற்பது இதனால்தான். பஞ்சத்துக்குப் பயந்து ஒரு மரம் செய்த ஏற்பாடு, காரின் அழகாகிவிட்டது.

நமக்கு இந்தப் பூமி அந்நியமல்ல. மெட்ராஸ் மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை. சியாராவின் பெரும்பஞ்சம் 1877 முதல் 1879 வரை. பசிபிக் கடல் சூடேறிய அதே எல்நினோ இரண்டு இடத்திலும் மழையைத் தடுத்தது. மழையின்மையைப் பட்டினிச்சாவாக மாற்றியது ஆட்சியும் சந்தையும். இரண்டு பஞ்சங்களையும் ஒரே வரலாறாக மைக் டேவிஸ் 2001இல் வந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். இரு பக்கமும் லட்சக்கணக்கில் செத்தார்கள்.

நீண்ட கழியின் நுனியில் அரிவாள் கட்டி, முள்மட்டை தலையில் விழாமல் தப்பித்து ஓலையை அறுக்கிறார்கள். காயவைத்து, அடித்து, தூளை உதிர்க்கிறார்கள். ஓர் ஓலைக்குச் சில கிராம்தான் தேறும். தூள் கண்ணிலும் நெஞ்சிலும் போகும். அமெரிக்க மெழுகு முதலாளி எச்.எஃப். ஜான்சன் 1935இல் நீரிலும் இறங்கும் விமானத்தில் சியாராவுக்குப் பறந்துவந்து மரங்களைப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பயணம் கம்பெனி வரலாற்றில் வீரசாகசமாக இருக்கிறது.

பிரேசில் அடிமைமுறையை 1888இல் ஒழித்தது. அதற்கு நாலு வருஷம் முன்பே, 1884இல், முதல் மாகாணமாக ஒழித்தது சியாரா. ஆனால் இந்த நூற்றாண்டிலும் அந்நாட்டுத் தொழிலாளர் ஆய்வாளர்கள் சியாரா, பியாவி கார்னாபா தோப்புகளிலிருந்து, 'அடிமைக்கு ஒப்பான நிலை' என்று சட்டம் சொல்லும் நிலையில் ஆட்களை மீட்டிருக்கிறார்கள். குடிக்க நல்ல தண்ணீர் இல்லாமல், மரத்தடியில் படுத்துக் கிடந்தவர்கள்.

5

நம் சிற்றிதழ்களுக்குப் பிரியமான ரோலான் பார்த், 1955 பாரிஸ் கண்காட்சிக்கு வந்த சித்ரோயன் காரைப் பற்றி எழுதினார். இணைப்புகள் தெரியாத அதன் வழவழப்பையும், ஜனங்கள் அதைத் தொட்டுப் பார்ப்பதையும் அற்புதமாக வாசித்தார். தொன்மத்தைக் கட்டுடைக்க அதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் பார்த் பார்த்தது தொட வந்தவர்களின் கையை. முந்தின ராத்திரி யாரோ தேய்த்துவிட்டுப் போன கை அவர் பிரதியில் இல்லை. மனிதர்களுக்கிடையிலான உறவு பொருள்களின் உறவாகத் தோற்றம் கொள்வதை மார்க்ஸ் 1867இல் விளக்கினார். பளபளப்பான பானெட்டில் அந்தச் சூத்திரம் கண்ணுக்கே தெரிகிறது. குனிந்து பார்த்தால் வாங்கியவரின் முகம்தான் அதில் விழும்.

இப்போது அப்பா வேலைக்குப் போவதில்லை. நகரத்தில் 'டீட்டெயிலிங்' என்று குளிர்சாதன அறையில் மிஷின் வைத்துத் தேய்க்கிறார்கள். மேலே அடிக்கும் நிறமற்ற 'கிளியர் கோட்'டைச் சில மைக்ரான் தின்றுவிட்டுத்தான் அங்கேயும் பளபளப்பு வருகிறது. துணியில் நிறம் ஒட்டாததால் தின்றது தெரிவதில்லை.

போன மாசம் ரேஷன் கடையில் மிஷினில் அப்பாவுக்குக் கைரேகை விழவில்லை. விரலை மாற்றி மாற்றி வைத்தார். துடைத்துவிட்டு வைத்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. "வாட்டர் பேப்பரு பெயிண்ட்ட மட்டுமா தேய்க்கும்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். கடைசியில் அம்மாவைக் கூட்டிவந்து அரிசி வாங்கினோம்.

வீட்டுக்கு வந்து, ஒரு நண்பரின் தொகுப்புக்கு நான் எழுதியிருந்த மதிப்புரையை எடுத்துப் பார்த்தேன். 'மெருகேறிய நடை' என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். இரண்டையும் அடித்தேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று இன்னும் பிடிபடவில்லை.