நாலரை மணித்தியாலமும் பூனாகலை ரோட்டும்

தோட்டத்தில் ஒருத்தருக்கு வாய் கோணி, கை விழுந்துவிட்டால் “வாதம் அடிச்சிருச்சு” என்கிறோம். எண்ணெய் தேய்த்துப் படுக்க வைப்பதும் உண்டு. உண்மையில் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டிருக்கும், அல்லது வெடித்திருக்கும். அடைப்பென்றால் கரைக்க ஊசி இருக்கிறது. 3 மணித்தியாலத்துக்குள் போட்டால் பலன் என்று 1995ல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. 2008ல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணித்தியாலமாக நீட்டியது.

அந்த நேரத்தை பூனாகலையிலிருந்து எண்ணிப் பாருங்க. லயத்திலிருந்து ரோட்டுக்குத் தூக்கி வரணும், வாகனம் கிடைக்கணும், வளைவுகளைத் தாண்டி பண்டாரவளை, அப்புறம் பதுளை. போனதும் ஊசி இல்லை, முதலில் சிடி ஸ்கேன். இரத்தக் கசிவாக இருந்தால் அதே ஊசி ஆளைக் கொல்லவும் கூடும்.

ஸ்கேனுக்கு முன்னாலேயே ஏதாவது தெரிந்துகொள்ள முடியாதா? இதற்கு 100 வயதான ஒரு கருவியைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924ல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். 1929ல் வெளியிட்டபோது பலர் நம்பவே இல்லை. 1936ல் லண்டனில் கிரே வால்டர், மூளையில் கட்டி உள்ள இடத்தில் அலை மெதுவாவதைக் காட்டினார். 1970களில் கழுத்துக் குழாயில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் இன்னொன்றைப் பார்த்தார்கள்: குழாயை இறுக்கி இரத்தம் குறைந்தால், கொஞ்ச நேரத்திலேயே ஈஈஜி கோடு மாறிவிடும். ஆனால் 1971லேயே சிடி ஸ்கேன் வந்துவிட்டது. படமே காட்டும் மெஷின் இருக்கும்போது கோடு கீறும் மெஷினை யார் பார்ப்பாங்க? ஈஈஜி வலிப்பு நோயோடு ஒதுங்கிப்போனது.

இப்போது அதைத் திரும்பக் கொண்டுவந்தது அதன் எடைதான். ஸ்கேன் மெஷினை ஏற்ற, ஜெர்மனியில் 2008ல் செய்தமாதிரி தனி அம்புலன்ஸே கட்டணும். ஈஈஜி தொப்பி ஒரு பைக்குள் அடங்கும். பசை தேவைப்படாத அப்படியொரு தொப்பியை ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் அம்புலன்ஸில் சோதித்தார்கள். பெரிய குழாய் அடைப்பை அது நன்றாகவே பிரித்துக் காட்டியது. ஆனால் எல்லாப் பதிவும் பயன்படும் தரத்தில் வரவில்லை. தலை அசைந்தால் கோடு கெட்டுவிடும். நம்ம ரோட்டில் என்றால் வண்டி கிளம்பும் முன்னே பதிந்தால்தான் உண்டு! ஸ்கேனுக்கு அது மாற்றும் இல்லை. எந்த ஆஸ்பத்திரிக்கு நேரே போவது என்று சொல்லும், அவ்வளவுதான். மலைநாட்டில் அந்த ‘அவ்வளவுதான்’ பெரிய விஷயம். தவறான ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினால் பாதி நேரம் போய்விடும்.

தோட்டங்களுக்கு வைத்தியம் சட்டமாக வந்தது 1872ல், கோப்பிக் காலத்தில். ஆள் செத்தால் வேலை நிற்கும் என்ற கணக்கும் அதில் இருந்தது என்றே நினைக்கிறோம். 2016ல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் பிறகு மற்ற மாகாணங்களுக்கும் வந்தது. தொப்பி வரும்வரை நம்மிடம் இருப்பது அந்த நம்பர்தான். வாய் கோணினாலோ, கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே அடிங்க. ஆள் கடைசியாக நல்லா இருந்த நேரத்தையும் குறிச்சு வைங்க. டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.